டிராயிங் பெட்டி இருந்த இடம்

பழைய பேஸ்பால் அட்டைகள் சேர்க்கலாமா என்று இதுவரை யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒன்றுதான் வைத்திருக்கிறேன். வேலை இல்லாத காலத்தில் தொடங்காதீர்கள். மற்றபடி அது கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. குடிக்கிறவனுக்கும் குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவனுக்கும் ஆகிற செலவில் கால்வாசி கூட ஆகாது. நான் வாரத்துக்கு ஐந்து வெள்ளிக்கு, அதாவது ஐந்து டாலருக்கு, மேல் செலவழித்ததில்லை. அதையும் பஸ்ஸில் ஏறாமல் நடந்து மிச்சம் பிடித்தேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், என் மனைவியிடம் நான் பலமுறை சொன்ன நியாயம் இது. அவள் ஒரு தடவையும் மறுத்துப் பேசியதில்லை. அதுதான் எனக்குக் கோபமாக வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஆக்லாந்துக்கு வந்தோம். மலேசியாவில், கிள்ளானில், பன்னிரண்டு வருஷம் சிவில் இன்ஜினியராக இருந்தவன் நான். வடிகால், மதகு, சின்னச் சின்னப் பாலங்கள். என் படிப்புக்கு இத்தனை புள்ளி, வயதுக்கு இத்தனை, அனுபவத்துக்கு இத்தனை என்று கூட்டிப் பார்த்து, வாருங்கள் என்று விசா கொடுத்தார்கள். வந்து இறங்கிய பிறகு எந்த ஆபீஸிலும் அந்தப் புள்ளிகள் செல்லுபடியாகவில்லை. 'நியூசிலாந்து அனுபவம் இருக்கிறதா?' என்று கேட்பார்கள். போன மாதம் வந்து இறங்கியவனுக்கு எங்கிருந்து வரும்? அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லை. 'கம்ப்யூட்டரில் வரைவீர்களா?' என்று அடுத்த கேள்வி. நான் கையால் வரைகிறவன். என் கோடு நன்றாக இருக்கும். அதைச் சொன்னால் அந்த மனிதர்கள் மரியாதையாகச் சிரிப்பார்கள். பத்து நாளில் கடிதம் வரும். 'வருந்துகிறோம்' என்று தொடங்கும் கடிதத்தை முழுதாகப் படிக்கிற பழக்கம் எனக்கு ஆறு மாதத்தில் விட்டுப்போனது.

மனைவி கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இங்கே ஊருக்கு வெளியே புக்கெகோஹியில், வெங்காயத்தின் தாளை நறுக்கித் தரம் பிரிக்கிற ஷெட்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. விடிவதற்கு முன்பே எங்கள் வீட்டருகே பக்குரங்கா பிளாசா கடைத்தொகுதி முனையில் ஒரு வேன் வந்து நிற்கும். அவளோடு நாலைந்து பெண்கள் ஏறிக்கொள்வார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது அவள் மேலெல்லாம் வெங்காய வாடை அடிக்கும். குளித்தாலும் தலைமுடியில் நிற்கும்.

இத்தனைக்கும் நடுவில் அவள் விடாமல் செய்த காரியம் ஒன்று உண்டு. புதன்கிழமையும் சனிக்கிழமையும் பேப்பரில் வேலை விளம்பரங்கள் வரும். ஷெட்டிலிருந்து வந்ததும் கால் நீட்டி உட்கார்ந்து, அடுப்படி ஆணியில் மாட்டியிருக்கும் கத்தரிக்கோலை எடுத்து, இன்ஜினியர் என்ற சொல் எங்கெங்கே இருக்கிறதோ அதையெல்லாம் வெட்டி எடுப்பாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் வெட்டிக் கொடுத்த கை. ஒரு கோணல் இருக்காது. வெட்டியதைச் சீனி டப்பாவுக்கு அடியில் வைப்பாள். மறுநாள் காலை நான் டீ கலக்க டப்பாவைத் தூக்கினால் அது கண்ணில் படும்.

"வேலை கிடைக்கட்டும்" என்பது எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பதில். சோபா வாங்கலாமா, வேலை கிடைக்கட்டும். ஊருக்கு ஒரு நடை போய் வரலாமா, வேலை கிடைக்கட்டும். குழந்தையைக் கூட அப்படித்தான் தள்ளிப்போட்டோம். அவளுக்கு முப்பத்துநாலு முடிந்து முப்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது.

எங்கள் வரிசை வீடுகளில் பக்கத்து யூனிட்டில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். எனக்குப் பத்து வயது மூத்தவர். அங்கே கணக்காளராக இருந்துவிட்டு இங்கே டாக்சி ஓட்டினார். நான் அண்ணே என்பேன். சனிக்கிழமை காலையில் அவருக்கு ஓட்டம் குறைவு. அதனால் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கிற இடங்களாகப் பார்த்து என்னையும் ஏற்றிக்கொண்டு சுற்றுவார். அவருக்கு வேண்டியது சட்டி பானை. நான் சும்மா போவேன். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு அது தேவலை.

அப்படி ஒரு சனிக்கிழமை, ஒரு கிழவி தன் வீட்டுக் கார் ஷெட்டைக் காலி பண்ணிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் அமெரிக்கன், கப்பலில் வந்தவன், இங்கேயே தங்கிச் செத்துப்போனான். அவன் வைத்திருந்த பிஸ்கட் டின் ஒன்று மேஜை மேல் இருந்தது. திறந்தால் அட்டைகள். உள்ளங்கை அளவு. ஒவ்வொன்றிலும் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன் படம். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்ததில் ஓரங்கள் அறுந்திருந்தன. ஐம்பதுகளில் அச்சடித்தவை. நாலு வெள்ளி சொன்னாள்.

"இதென்ன தம்பி, உந்தப் படங்களை வச்சு என்ன செய்யப் போறியள்?" என்று அண்ணன் கேட்டார்.

என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பேஸ்பால் என்றால் என்ன என்பதும் தெரியாது. ஒரு அட்டையைத் திருப்பிப் பார்த்ததுதான் காரணம். பின்பக்கம் முழுக்கக் கட்டம் போட்டு எண்கள். வருஷவாரியாக ஒரு மனிதனின் உழைப்பு அப்படியே வரிசையில் நின்றது. எத்தனை ஆட்டம், எத்தனை அடி, எத்தனை ஓட்டம். ஒரு வருஷ எண்ணிலும் தப்பில்லை, கீழே கூட்டல் சரியாக இருந்தது. நான் ஒன்றரை வருஷமாக ஓர் எண்ணைக் கூட்டிப் பார்த்ததில்லை. அங்கேயே நின்று நாலு அட்டைகளைக் கூட்டிச் சரிபார்த்தேன். அண்ணன் ஒரு குக்கரை வாங்கிக்கொண்டு வந்து ஹாரன் அடிக்கிற வரைக்கும் நின்றேன்.

டவுனில் அட்டை விற்கிற கடை ஒன்று இருந்தது. அப்போது பள்ளிக்கூடப் பையன்களுக்கு ரக்பி அட்டை, கூடைப்பந்து அட்டைப் பைத்தியம் பிடித்திருந்த காலம். கடைக்காரன் என் டின்னைப் பார்த்து, நல்லது, ஆனால் எல்லாம் அடிபட்டது என்றான். ஓரம் தேய்ந்தால் விலை பாதி. மடிப்பு விழுந்தால் அதிலும் பாதி. யாராவது பென்சிலால் கீறியிருந்தால், கறை பட்டிருந்தால், கையில் தொடவேண்டாம் என்றான். காசு இல்லாதவனுக்கு இது நல்ல செய்தி என்று நான் எடுத்துக்கொண்டேன். மற்றவன் வேண்டாம் என்று தள்ளுகிற அடிபட்ட அட்டைகளை நான் வாங்கலாம். கண்டதையெல்லாம் வாங்காதே, ஒரு வருஷம், ஒரு அணி என்று வைத்துக்கொள், இல்லாவிட்டால் முடிவே இருக்காது என்றும் அவன் சொன்னான். அன்றைக்கு அவன் சொன்னதில் உருப்படியான பேச்சு அதுதான்.

டின்னில் சிவப்புத் தொப்பி அணியின் அட்டைகள் பதினொன்று இருந்தன. முழு அணிக்கு இருபத்துநாலு வேண்டும். பதின்மூன்று குறை. அதுதான் என் வேலையாகிப்போனது.

சொன்னால் சிரிப்பீர்கள். கிள்ளானில் சைட்டுக்குப் போகிற மாதிரி காலையில் குளித்துச் சட்டை மாட்டி மேஜையில் உட்காருவேன். பிளாஸ்டிக் உறை விலை அதிகம். அதனால் வரைபட வேலைக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த டிரேசிங் பேப்பரை வெட்டி, ஒவ்வொரு அட்டைக்கும் அளவெடுத்துப் பை மடித்தேன். அமெரிக்காவில் ஓய்வு பெற்ற ஒரு தபால்காரரோடு கடிதத் தொடர்பு ஏற்பட்டது. கடைக்காரனிடம் கிடந்த பழைய பத்திரிகையின் பின்பக்கத்தில் அவர் விலாசம் இருந்தது. என்னிடம் இரண்டாக இருந்ததை அவருக்கு அனுப்புவேன், கூடவே மலேசியத் தபால்தலை. அவர் எனக்கு வேண்டியதை அனுப்புவார். மடிப்பு விழுந்தது போதும் என்று எழுதியிருந்தேன். மனிதர் மடிப்பு விழுந்ததாகவே பார்த்து அனுப்பினார். 'வருந்துகிறோம்' என்று தொடங்காத ஒரு கடிதத்துக்காகத் தபால்பெட்டியைத் திறப்பது எப்படிப்பட்ட சுகம் என்று வேலையில் இருப்பவர்களுக்குப் புரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டைகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தேன். மனைவி துவைத்த துணியோடு வந்தவள் நின்று பார்த்தாள்.

"இது ரௌண்டர்ஸ் ஆட்டம் மாதிரிதாங்க. ஸ்கூல்ல நான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"உனக்குத் தெரியுமா இது?"

"எறியுறவரு நடுவுல நிப்பாரு. பிடிக்கிறவரு அவருக்கு நேரா, குந்திக்கிட்டு. இங்க ஒருத்தரு, இங்க ஒருத்தரு, இங்க ஒருத்தரு."

துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அட்டைகளை எடுத்து மைதானத்தில் நிற்கிற மாதிரி அடுக்கினாள். யார் எங்கே நிற்பார் என்று அட்டையில் எழுதியிருக்கும். அதைப் படித்துப் படித்து அந்தந்த இடத்தில் வைத்தாள். இரண்டு இடம் காலியாக இருந்தது. "இங்க ஆள் இல்லையே, பந்து போச்சுன்னா போனதுதான்" என்று சிரித்தாள். அந்த வருஷம் அவள் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான். நான் அவளைச் சிரிக்க வைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு மட்டும் சீனி டப்பாவைத் தூக்கி அடியில் இருப்பதைப் படித்து, இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன்.

அதற்கும் 'வருந்துகிறோம்' வந்தது.

இனி டிராயிங் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்ல வாய் வரவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் தன் சம்பளத்தில் எனக்கு வாங்கிக் கொடுத்தது அது. ஜெர்மன் சாமான். கருப்புத் தோல் பெட்டி, உள்ளே நீல வெல்வெட்டு, அதில் காம்பஸ், டிவைடர், மை ஊற்றி வரைகிற பேனாக்கள். மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுகிற இடத்தில் இதைக் கொடுத்தாள் என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். என் பாலங்கள் எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்துதான் வந்தன. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சாமி மேடையில் முதலில் அதுதான் ஏறும். அப்புறம்தான் அவள் புத்தகங்கள், சாக்பீஸ் டப்பா, காடிச் சாவி, அதாவது கார்ச் சாவி. ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பாள். மேடையில் ஏறியதை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. ஆக்லாந்துக்கு வரும்போது மற்றதெல்லாம் கப்பலில் வந்தது. இந்தப் பெட்டியை மட்டும் அவள் விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

குளிர்காலத்துக்குள் இருபத்துமூன்று அட்டைகள் சேர்ந்துவிட்டன. ஒன்றுதான் பாக்கி. அந்த அணியின் பெரிய ஆட்டக்காரன். எவ்வளவு கசங்கியிருந்தாலும் அவன் விலை மட்டும் இறங்காது. தபால்காரர், அது என்னால் ஆகாது நண்பரே என்று எழுதிவிட்டார். சனிக்கிழமைச் சந்தையில் பழைய நாணயமும் கருவியும் விற்கிற ஓர் ஆள் அதை வைத்திருந்தான். மேல் மூலையில் ஒரு மடிப்பு. மற்றபடி சுத்தம். நான் மூன்று வாரம் போய் அதைக் கையில் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம், நான் என்ன தொழில் செய்கிறேன் என்று அவன் கேட்டான். இன்ஜினியர் என்றேன். அப்படிச் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. பழைய வரைகருவி ஏதாவது இருந்தால் கொண்டுவா, அதற்கு வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்றான்.

எனக்கு ஒரு வாரம் இருந்தது. அவசரத்தில் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை. ஏழு நாள் யோசித்தேன். ரெண்டு வருஷமாக அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. நாளைக்கே வேலை கிடைத்தாலும் எல்லாம் கம்ப்யூட்டர், காம்பஸை யார் தொடப்போகிறார்கள்? முழு அணியும் சேர்ந்தால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். அந்தக் காசில் கம்ப்யூட்டர் வரைபடப் பயிற்சிக்குச் சேர்ந்துவிடலாம். இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடி ஜெயித்தேன். பச்சைப் பொய். முழு அணி சேர்ந்தாலும் நான் அதை விற்றிருக்கமாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துப்போனேன். மனைவி அன்றைக்கும் ஷெட்டில். சந்தையில் அண்ணன்தான் கூட இருந்தார். அந்த ஆள் வெல்வெட்டைத் தடவிப் பார்த்தபோது அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"தம்பி, உதுக்கோ இதைக் குடுக்கப் போறியள்?"

"சும்மாதானே கிடக்குது அண்ணே."

"வீட்டில கதைச்சனீங்களோ?"

"அதெல்லாம் சொல்லிக்கலாம்."

"நான் ஒண்டும் சொல்லேல்லை. யோசிச்சுச் செய்யுங்கோ" என்று அவர் சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டார். நான் பெட்டியைக் கொடுத்து அந்த அட்டையை வாங்கிக்கொண்டு போய் ஏறினேன். வழியெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்தார்.

ஆயுத பூஜை என்று ஒன்று வரும் என்பது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? அவள் அம்மா அனுப்பிய கோயில் காலண்டர் எங்கள் ஃபிரிட்ஜிலேயே தொங்கியது. தினமும் பால் எடுக்கும்போது அதைப் பார்த்திருக்கிறேன். அக்டோபரில் ஒரு நாளுக்கு அவள் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் ஷெட்டிலிருந்து மதியமே வந்துவிட்டாள், பூஜைக்காக. நான் டவுனில் இருந்தேன். முழு அணியும் சேர்ந்துவிட்டது, விலை சொல் என்று கடைக்காரனைக் கேட்கப் போயிருந்தேன். திங்கட்கிழமை கொண்டுவா, பார்த்துச் சொல்கிறேன் என்றான். விற்கத்தான் போகிறேனா என்பது எனக்கே தெரியாவிட்டாலும், ஒரு மனிதன் என்னை இன்ன கிழமை வா என்று சொன்னதே பெருமையாக இருந்தது. நடந்தே வீட்டுக்கு வந்தேன். வெயில் சாய்ந்திருந்தது. கதவைத் திறந்ததும் ஊதுபத்தி மணம்.

சாமி மேடை என்பது எங்கள் யூனிட்டில் ஒரு புத்தக அலமாரியின் மேல்தட்டு. அதற்கு முன்னால் தாழ்வாக ஒரு மேஜை போட்டு, அதில் அவளுடைய வெங்காயம் நறுக்குகிற கத்தி, கையுறை, தலைக்குப் போடுகிற வலைத்தொப்பி. அதற்கும் மேலே, சரஸ்வதி படத்துக்கு நேர் கீழே, பெட்டி இருக்கவேண்டிய இடத்தில், ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில், இருபத்துநாலு அட்டைகள்.

டிரேசிங் பேப்பர் பைகளிலிருந்து ஒவ்வொன்றாக உருவி வைத்திருந்தாள். அன்றைக்குத் தரையில் அடுக்கின மாதிரியே, எறிகிறவன் நடுவில், பிடிக்கிறவன் அவனுக்கு நேரே. இப்போது காலி இடம் இல்லை. மிச்சம் உள்ளவர்கள் ஓரமாக வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவன் நெற்றியிலும், தொப்பிக்குக் கீழே, ஈரச் சந்தனம். சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். இருபத்துநாலு வெள்ளைக்காரர்களும் கோயிலுக்குப் போய்வந்த முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பெரிய ஆட்டக்காரனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வைத்திருந்தாள். சந்தனத் தண்ணீர் அவன் மூக்குவரை இறங்கி அட்டைக்குள் ஊறிக்கொண்டிருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். நான் அப்படித்தான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. படிச்சவதானே நீ, காகிதத்துல ஈரத்த வைப்பாளா ஒருத்தி, ஒரு வருஷ உழைப்பு, ஒரு நிமிஷத்துல பாழாக்கிட்டியே என்று. உழைப்பு என்றேன். வெங்காய ஷெட்டிலிருந்து வந்தவளிடம்.

அவள் கற்பூரத் தட்டைக் கையில் வைத்திருந்தாள். நான் முடிக்கும்வரை நின்றாள்.

"பெட்டியத் தேடுனேங்க" என்றாள்.

கற்பூரத் தட்டை மேஜை ஓரத்தில் வைத்தாள்.

"அலமாரி மேல பாத்தேன். கட்டிலுக்குக் கீழ பாத்தேன். துணிப் பெட்டியில பாத்தேன். நீங்கதான் எங்கயாச்சும் பத்திரமா வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். பக்கத்து அண்ணனக் கேட்டேன். அவரு சொல்ல மாட்டேன்னாரு, நான்தான் விடல. அவரப் போய் ஏசாதீங்க."

"நான் சொல்லணும்னுதான்…"

"இருக்கட்டும்."

அவள் கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அழுதிருந்தால் கூடத் தப்பித்திருப்பேன். அவள் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற குரலில் பேசினாள்.

"பூஜையில உங்க பேருக்கு ஒண்ணும் வைக்காம விட முடியாது. அவங்கவங்க என்ன தொழில் செய்யுறாங்களோ அதத்தான் வைக்கணும். நான் கத்திய வெச்சேன். உங்களுக்கு இதான இருக்கு. வேற என்ன இருக்கு, சொல்லுங்க. அத எடுத்து வெச்சிர்றேன்."

நிஜமாகவே கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். நானும் யோசித்தேன். அந்த யூனிட்டில் இருக்கிற இரண்டு அறையையும் மனதுக்குள் திறந்து திறந்து பார்த்தேன். டிரேசிங் பேப்பரைக் கூட நான் அட்டைக்குப் பை மடித்துத் தீர்த்திருந்தேன்.

அப்போதுதான் அவள் கத்தியைச் சரியாகப் பார்த்தேன். அதன் கைப்பிடியில் பழைய குங்குமக் கறை ஒன்று, கழுவிக் கழுவி மங்கியது. போன வருஷமே அவள் அதை மேடையில் வைத்திருக்கிறாள். சாக்பீஸ் டப்பாவும் புத்தகங்களும் போன வருஷமே மேடையை விட்டுப் போயிருக்கின்றன. அவள் இன்னும் ஆசிரியைதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கூட நினைக்கவில்லை. நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேன். அவள் தனக்கு ஒரு வருஷம் முன்னாலேயே முடிவு கட்டிவிட்டு, எனக்கு மட்டும் பெட்டியை வைத்திருந்தாள்.

"கும்பிட வாங்க" என்றாள். கற்பூரம் காட்டினாள். நான் அந்த இருபத்துநாலு பேரையும் கும்பிட்டேன்.

மேடையில் ஏறியதை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. தொடவில்லை. காலையில் எடுத்தபோது சந்தனம் காய்ந்து அட்டைகள் குவிந்து வளைந்திருந்தன. குங்குமம் பின்பக்கம்வரை இறங்கி எண்களின் மேல் படர்ந்திருந்தது. திங்கட்கிழமை கடைக்குக் கொண்டுபோகவில்லை. கறை பட்டதைத் தொடாதே என்று சொன்னவனிடம் என்னத்தைக் காட்டுவது? அண்ணனிடம் மட்டும் காட்டினேன். அவர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாவமப்பா அந்தப் பிள்ளை" என்றார். என்னைப் பாவம் என்று சொல்கிறாரோ என்று ஒரு நொடி நினைத்தேன். எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

டிராயிங் பெட்டியைத் திருப்பி வாங்கலாம் என்று சந்தைக்குப் போனேன். எப்போதோ விற்றுவிட்டதாக அந்த ஆள் சொன்னான். வாங்கினவன் கேன்டர்பரிப் பக்கம், அவன் பெயர் தெரியாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அந்த வாரம் புதன்கிழமை வந்தது. அவள் வேலையிலிருந்து வந்தாள், குளித்தாள், கால் நீட்டி உட்கார்ந்தாள். பேப்பர் மேஜை மேல் மடித்தபடியே இருந்தது. நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். கத்தரிக்கோல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமையும் அப்படியே. கோபமாக இருப்பாள், ஆறினால் எடுப்பாள் என்று நினைத்தேன். ஆனால் அவளிடம் கோபமே இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். ஷெட்டில் நடந்ததைச் சொன்னாள். அவர்கள் ஷெட்டில் பெட்டி தூக்குகிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், வேணும்னா கேட்டுப் பார்க்கவா என்றாள். அதைச் சாதாரணமாகச் சொன்னாள், உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

அதற்கு அடுத்த புதன்கிழமை நானே கத்தரிக்கோலை எடுத்தேன். இன்ஜினியர் என்று வந்த இடமெல்லாம் தேடி வெட்டினேன். எனக்கு அவள் கை இல்லை, ஓரமெல்லாம் கோணல். மூன்று விளம்பரங்கள். சீனி டப்பாவுக்கு அடியில் வைத்தால் கண்ணில் படாதே என்று அடுப்படி மேடையில், அவள் சமைக்க நிற்கிற இடத்தில், நடுவில் பரப்பி வைத்தேன். வைத்துவிட்டு வாசல் அறையில் உட்கார்ந்து வேன் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

வந்தாள். கை கழுவினாள். நான் எழுந்துபோய் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். பையிலிருந்து ஷெட்டில் கொடுத்த வெங்காயத்தை எடுத்தாள். கத்தியை எடுத்தாள். ஒவ்வொன்றாக உரித்து, தோலை அந்தத் துண்டுத்தாள்கள் மேல் போட்டாள். மூன்று வெங்காயம் உரித்தாள். பிறகு தோலோடு சேர்த்துத் தாளைக் கூட்டிச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. எனக்கு அவளைத் தெரியும். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"என்னங்க, நிக்கிறீங்க" என்றாள். "உக்காருங்க, சோறு ஆகிரும்."